மலையூரில் குட்டி ரயில் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டில் குட்டி ரயில் பாதை போட்டிருப்பவர்கள் சொல்லும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். வண்டி நின்று நின்று போகிறது, வளைவில் கவிழ்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது, தெர்மாகோல் மலையில் பூசணம் பூக்கிறது. உடனே எஞ்சினைத் திறந்துவிடுகிறார்கள். பத்தில் எட்டுக்கு எஞ்சினில் ஒன்றும் இருக்காது. இந்த மலையில் முதல் எதிரி ஓதம். பித்தளையில் களிம்பு ஏற்றுவதும், பலகையை உப்ப வைப்பதும், பசையைக் காயவிடாமல் செய்வதும் அதுதான். எதையும் கழற்றுவதற்கு முன் நேற்று மழையா, மூடுபனியா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் டிசியில் ஓடும் சாதாரண எஞ்சின், 16.5 மி.மீ. அகலத் தடம், பிளைவுட் பலகை, தெர்மாகோல் மலை என்று சிக்கனமாகப் போட்ட பாதைக்கு. நம்ம மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர். 16.5 மி.மீ. தடத்து வண்டிகளின் அளவுப்படி 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் தடம் பதினொன்றரை மி.மீ.தான் வரும், அதற்கு 12 மி.மீ. தடம் தேட வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஜாஸ்தி. ஆகவே 16.5-லேயே ஓட்டுங்கள். வர்க்கி டின்னைக் குகையாகவும் காட்டெருமையை ஸ்டேஷன் மாஸ்டராகவும் வைக்கிற கற்பனை ஊரில் கேஜ் கணக்கு யாரும் கேட்கப்போவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, ரசமட்டம், இடுக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், அப்புறம் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர் பற்றவைத்து. இந்தப் பல்பு ரொம்ப முக்கியம். மல்டிமீட்டர் மின்சாரத்தை அநேகமாக இழுக்காது. அதனால் களிம்பு பிடித்த இணைப்பிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு உண்மையாகவே மின்சாரம் கேட்கும். இணைப்பு சொத்தை என்றால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி அசையவே இல்லை

எல்லா வண்டியையும் தடத்திலிருந்து எடுத்துவிட்டு, வேகத்தை முழுக்கத் திருப்பி, பல்பின் இரண்டு ஒயரையும் இரண்டு தண்டவாளத்தில் வையுங்கள்.

*பல்பு எரியவில்லை என்றால்*

தடத்திலிருந்து அடாப்டரை நோக்கிப் பின்னால் வாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரிலிருந்து வெளியே வரும் ஒயரில் பல்பை வையுங்கள். அங்கே எரிந்தால் தடத்துக்குப் போகும் ஒயரிலோ அதன் முனையிலோ குறை. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் ஒயரின் செம்பு பச்சை பூத்திருக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். கன்ட்ரோலரிலேயே எரியவில்லை என்றால் அடாப்டரிலிருந்து வரும் ஒயரில் பாருங்கள். அங்கே எரிந்தால் கன்ட்ரோலர் போச்சு, எரியாவிட்டால் அடாப்டர் போச்சு.

அடாப்டரின் சின்ன விளக்கு தடத்தை இணைத்தவுடன் மங்குகிறதா? அப்படியானால் இரண்டு தண்டவாளத்தையும் ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து இரண்டு தண்டவாளத்தையும் தொடுங்கள். பீப் வந்தால் தேட வேண்டியதுதான். மறந்துபோன இடுக்கி, தடத்தில் விழுந்த ஆணி, முக்கியமாக அருவி. காட்டேரி அருவி செய்கிறேன் என்று அலுமினியத் தாளைத் தடத்துக்கு அடியில் ஓட்டிவிட்டவர்கள் நிறைய. மழைக்காலத்தில் பலகை உப்பும்போது தாளின் ஓரம் நிமிர்ந்து தண்டவாளத்தைத் தொட்டுவிடும். தண்ணீருக்கு ஒளி புகும் பிளாஸ்டிக் தாளும் வெள்ளை ஃபெவிகாலும் போதும், அலுமினியம் வேண்டாம்.

*பல்பு நன்றாக எரிகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால்*

எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் கொடுங்கள்.

ஓடினால் மோட்டார் நலம். சக்கரத்தில் அழுக்கு, அல்லது சக்கரத்தின் பின்புறம் உரசி மின்சாரம் எடுக்கும் செம்புப் பட்டை விலகியிருக்கிறது. இடுக்கியால் மெல்ல உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்.

'உம்ம்' என்ற சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லை என்றால் எங்கோ சிக்கியிருக்கிறது. அச்சைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடும் ஊர் இது. உதிரும் கம்பளி நூல் தடத்தில் கிடந்து, சக்கரத்தோடு சுருண்டு, எண்ணெயைக் குடித்து, அச்சைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கெட்டியான வளையமாக இறுகியிருக்கும். கத்தரியால் இழுக்காதீர்கள். ஊசி முனையை வளையத்துக்கு அடியில் விட்டு அறுத்தால் மோதிரம் கழல்வதுபோல முழுதாக வந்துவிடும். மேஜைமேல் ஸ்வெட்டர் கை உரசாமல் சுருட்டிவிட்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

நூலும் இல்லையா? அப்போது பழைய கிரீஸ். பல வருஷம் பெட்டியில் கிடந்த எஞ்சினில் கிரீஸ் மெழுகாகிவிடும். மார்கழி, தை மாதக் காலைக் குளிரில் இன்னும் இறுகும். வெயில் வரும் ஜன்னலோரம் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் ஓடினால் கிரீஸ்தான் காரணம் என்று உறுதி. பழையதைத் துடைத்துவிட்டு, அச்சு முனைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஊசி நுனியில் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. இங்கே அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கிறது, பல்சக்கரத்துக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா?

பேட்டரி வைத்தும் சத்தமே இல்லை என்றால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், சுருள் கருகியிருக்கலாம். இதுவரை எலெக்ட்ரானிக்ஸ் கை பழகாதவர் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இத்தனை சின்ன மோட்டாரைத் திரும்பச் சுற்றுவதில் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. பல்சக்கரம் உடைந்திருந்தால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். அவ்வளவு சின்னப் பற்களைக் கையாளும் பழக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.

நின்று நின்று போகிறது, தட்டினால் ஓடுகிறது

இதுதான் அதிகம் வருவது. முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: எல்லா இடத்திலும் திக்குகிறதா, ஒரே இடத்திலா?

*எல்லா இடத்திலும்*

தண்டவாளத்தின் தலையில் வெள்ளைத் துணியை ஓட்டிப் பாருங்கள். கறுப்பாக வந்தால் அழுக்கு. குளிருக்குக் கரி அடுப்பு மூட்டும் வீட்டில் அந்தப் புகை, சமையலறை பக்கத்தில் இருந்தால் தாளிக்கிற எண்ணெய்ப் புகை, சாம்பிராணி, எல்லாம் தடத்தில்தான் படிகிறது. ஓதத்தோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, கரி அடுப்பு எரியும் அறையில் இல்லாமல். மிச்சமிருக்கும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், மறுபடி பிசுக்கு ஏறும். தின்னர் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கட்டைகளைக் கரைத்துவிடும். பித்தளைத் தடம் என்றதும் குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் புளியை எடுப்பவர்கள் உண்டு. தடம் பளபளக்கும்தான். ஆனால் புளிப்பும் தண்ணீரும் இணைப்புகளுக்குள் தங்கி, ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகக் களிம்பு ஏறும். உப்புத்தாளும் வேண்டாம். அது போடும் கீறல்களுக்குள் அழுக்கு இன்னும் சீக்கிரம் தங்கும். கெட்டியாகிவிட்ட களிம்புக்கு மை அழிக்கும் கடின ரப்பர் போதும்.

தடத்தைத் துடைத்துச் சக்கரத்தை விட்டுவிட்டால் வேலை வீண். டிஷ்யூ பேப்பரை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் போர்த்தி, எஞ்சினின் முன்பாதி பேப்பர் மீதும் பின்பாதி வெறும் தடத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். சக்கரம் தானே சுற்றித் தன்னைத் துடைத்துக்கொள்ளும். இரண்டு கறுப்புக் கோடு பேப்பரில் தெரியும். அப்புறம் திருப்பி வைத்து மறுபாதி. பெட்டிகளின் சக்கரத்தையும் விடாதீர்கள், அழுக்கைப் பாதை முழுக்கச் சுமந்து பரப்புவது அவைதான்.

துடைத்தும் மூன்று நாளில் திரும்ப வருகிறதா? தடம் எந்த உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. அது இந்த ஊருக்கு ஒத்துவராது, துரு பிடித்துக்கொண்டே இருக்கும். மஞ்சள் என்றால் பித்தளை, அடிக்கடி துடைத்தால் சமாளிக்கலாம். காந்தம் ஒட்டாத வெள்ளி நிறம் என்றால் நிக்கல் கலந்த தடம், அது நீண்ட நாள் தாங்கும். மொத்தத்தையும் மாற்றப் பணம் இல்லை என்றால் கை எட்டாத இடத்துக்கு மட்டும், அதாவது குகைக்குள், நிக்கல் தடம் போடுங்கள். துடைக்கக் கூடிய வெளித்தடம் பித்தளையாகவே இருக்கட்டும்.

*ஒரே இடத்தில்*

அந்த இடத்தில் பல்பை வையுங்கள். ஒயர் இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் பிரகாசமாகவும் இங்கே மங்கலாகவும் எரிந்தால் நடுவில் தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் ஜாயினர் ஒன்று சொத்தை. ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டிப் பல்பை வைத்துப் போனால் எது என்று தெரிந்துவிடும். இடுக்கியால் ஜாயினரை லேசாக நசுக்கி இறுக்கினால் தற்காலிகமாக ஓடும்.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: ஜாயினரை நம்பாமல், 3 அடிக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் ஒயர் பற்றவைத்து, பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு தடித்த ஒயரில் சேர்த்துவிடுவது. ஒயர் விலை டீக்காசுதான். மழைக்காலத்தில் இதைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. சால்டரிங் தெரியாது என்றால் மொபைல் ரிப்பேர் கடைப் பையன் ஒருவரைக் கூப்பிடுங்கள். சூடு அதிகம் வைத்தால் பிளாஸ்டிக் கட்டை உருகும், இரண்டு பக்கமும் ஈரத்துணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தடம் புரள்கிறது

*எல்லா வண்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் தடம்தான் குற்றவாளி*

கண்ணைத் தடத்தின் மட்டத்துக்கு இறக்கி, தண்டவாளத்தின் நீளவாக்கில் பாருங்கள். இணைப்பில் மூக்கு உடைந்ததுபோல் கோணல் தெரியும். விரல் நகத்தை ஓட்டினால் எங்கே தட்டுகிறதோ அங்கே ஒரு பக்கத் தண்டவாளம் ஜாயினருக்குள் போகாமல் மேலே ஏறி நிற்கிறது. கழற்றி ஒழுங்காகச் செருகுங்கள்.

அடுத்து ரசமட்டம். அதைத் தடத்தின் குறுக்கே வையுங்கள். சாய்ந்திருந்தால் பலகை முறுக்கியிருக்கிறது. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆனி, ஆடியிலும் இது தவறாமல் வரும். தடத்துக்கு அடியில் அட்டைத் துண்டு கொடுத்து இப்போதைக்கு மட்டம் பார்க்கலாம், ஆனால் அட்டையும் ஈரம் குடிக்கும். பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி வைத்தால் நிற்கும். மழை ஓய்ந்து பலகை காய்ந்த பிறகு மேல், கீழ், வெட்டு ஓரம் எல்லாவற்றுக்கும் ஆயில் பெயின்ட் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்து வளைவு அதிகமாகும். தண்டவாள இணைப்புகளில் அங்கங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். மரம் சுருங்கும்போது தடம் நெளியாமல் இருக்க அது வேண்டும்.

பலகையின் ஒரு மூலை மேஜையிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் தூக்கிக்கொண்டால் ஆசாரியைக் கூப்பிட வேண்டிய நேரம். அடியில் 2-க்கு 1 அங்குலச் சட்டம் குறுக்கும் நெடுக்கும் அடித்தால் சரியாகும். சிப்போர்டு என்றால் அதில் காசு போடாதீர்கள், உப்பியது திரும்ப இறங்காது.

*ஒரே வண்டி எல்லா இடத்திலும் விழுந்தால் வண்டிதான்*

எடை முதலில். சிக்கனத்தில் வாங்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் காற்றுக்கே அசையும். இந்த அளவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 28 கிராமோடு, நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 5 அங்குலப் பெட்டி என்றால் ஏறக்குறைய 98 கிராம். அவ்வளவு வராவிட்டாலும் பாதியாவது வரட்டும். இரும்பு நட்டுகளை அச்சுக்கு மேலே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். கூரையில் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் கவிழும்.

எடை சரியென்றால் சக்கர இடைவெளி. இரண்டு சக்கரத்தின் உள்முகங்களுக்கு நடுவே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் முறுக்கிக்கொண்டே இழுத்தால் நகரும். நீளமான பெட்டி வளைவில் மட்டும் விழுந்தால் அதைத் திருத்த முடியாது, வளைவு அதற்குச் சின்னது. கற்பனை ஊருக்குக் குட்டையான நாலு சக்கரப் பெட்டிகளே அழகு, விலையும் குறைவு.

ஏற்றத்தில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை

மலை ரயில் பார்த்து வளர்ந்தவர்கள் பாதை போட்டால் ஏற்றம் வைக்காமல் இருக்க மாட்டார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு 1 அடி ஏறுகிற அந்த வண்டிக்கு நடுவில் பல் தண்டவாளம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. நம்ம குட்டி எஞ்சினுக்கு வழவழப்பான இரண்டு தண்டவாளம்தான்.

முதலில் துடையுங்கள். அச்சுக்கு விட்ட எண்ணெய் தடத்தில் இறங்கியிருந்தால் சமதளத்தில் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். அடுத்து எஞ்சின் சக்கரத்தில் ரப்பர் வளையம் உள்ள வகையென்றால் அது கண்ணாடிபோல் இறுகிவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். அப்புறம் ஒரு பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் மட்டும் தனியாக ஏறினால் சுமைதான் பிரச்சினை.

இதெல்லாம் சரியென்றால் வாட்டத்தை அளந்து பாருங்கள். 100 செ.மீ. ஓட்டத்தில் 3 செ.மீ. ஏறினால் நல்லது, 4 செ.மீ. கடைசி வரம்பு. வளைவில் அதைவிடக் குறைவாகவே வையுங்கள். ஒரு தடத்துக்கு மேலே இன்னொரு தடம் போக 8 செ.மீ. உயரம் வேண்டும், அதற்கு ஏறுவதற்கு மட்டுமே இரண்டே முக்கால் மீட்டர் ஓட்டம் தேவை. 6-க்கு 4 அடிப் பலகையில் ஏறி இறங்க அத்தனை இடம் கிடையாது.

அதற்காக மனம் விட வேண்டாம். தடத்தைச் சமமாக விட்டுவிட்டு மலையைச் சாயுங்கள். முன்பக்கம் பலகையை வெட்டி இறக்கிப் பள்ளத்தாக்கு, பின்பக்கம் செங்குத்தான தேயிலைச் சரிவு, நடுவில் உயரமான தூண்களோடு ஒரு பாலம். வேலியும், தேயிலை வரிசையும், வீட்டுக் கூரைகளும் தடத்துக்குக் குறுக்கே சாய்ந்து இறங்கினால், மலை ரயில் ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் ஏறுகிற மாதிரியே கண்ணுக்குத் தோன்றும். எஞ்சினுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் மட்டும் பெட்டிகள் கழன்றுகொண்டால், அங்கே சமதளமும் சரிவும் பட்டென்று மடிகின்றன. ஒரு அடி நீளத்துக்கு மெதுவாக வளைந்து ஏறும்படி மாற்றுங்கள்.

பாயிண்ட்டில் நிற்கிறது, கிளைத்தடத்தில் மின்சாரம் போய்விடுகிறது

பாயிண்ட் என்பது தடம் இரண்டாகப் பிரியும் இடம். அதன் நகரும் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஜல்லித்தூள் ஒரு பொடி இருந்தாலும் போதும், நாக்கு முழுதாக ஒட்டாது. ஊசியால் எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நாக்கு தொடும் உள்பக்கத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். அங்கே எண்ணெய் விடவே கூடாது.

வண்டி ஒரு சுற்றுப் போய் வந்த வழியே திரும்புகிற மாதிரி தடத்தை மடித்து இணைத்திருக்கிறீர்களா? இணைத்த நொடியே மின்சாரம் செத்துப்போகும். இடத்தண்டவாளம் சுற்றி வந்து வலத்தண்டவாளத்தைத் தொட்டுவிடுவதுதான் காரணம். அந்த வளையத்தின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் துண்டித்து, உள்பகுதிக்குத் தனியாக, இரண்டு ஒயரையும் ஒரே தட்டில் இடம் மாற்றும் டிபிடிடி சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். புரியவில்லை என்றால் தெரிந்தவரை வைத்து ஒரு தடவை செய்துகொள்ளுங்கள். ஊகத்தில் ஒயர் மாற்றிக்கொண்டே போனால் கன்ட்ரோலர் போய்விடும்.

மலையில் பூசணம், பசை விடுகிறது

சக்கைத்தூள்தான் காரணம். டீ வடிகட்டிய தூளைக் காயவைத்து மண்ணாகத் தூவுவது எல்லோரும் செய்கிற சிக்கனம், நிறமும் அச்சாக இருக்கும். ஆனால் வெயிலில் காய்ந்தது போதாது. வாணலியில் சின்னத் தீயில் சலசலவென்று உதிரும்வரை வறுத்து எடுங்கள். ஏற்கெனவே பூத்துவிட்டால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுவதுதான் வழி, மேலே பெயின்ட் அடித்து மூடினால் அடியில் வளரும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு சுரண்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தேயிலைச் செடிக்குப் பழைய குஷன் ஸ்பாஞ்சை மிக்ஸியில் அடித்துப் பச்சைப் பெயின்ட்டில் புரட்டினால் எந்த மழைக்கும் பூக்காது.

ஃபெவிகால் இரண்டு நாளாகியும் வெள்ளையாகவே இருந்தால் மூடுபனி காலத்தில் வேலை செய்திருக்கிறீர்கள். கனமாகப் பூசாமல் மெல்லிசாக, நடுப்பகலில், மின்விசிறிக் காற்றில் ஒட்டுங்கள். தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் மலை கரைந்து குழியாகும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் மட்டும்தான் அதற்கு.

சூடு, கருகல் வாடை, வண்டி புறப்பட்டதும் குட்டி வீடுகளின் விளக்குகள் மங்குவது

விளக்கு மங்கினால் எளிது: எல்இடிகளுக்கு வேறு அடாப்டர் கொடுங்கள்.

எஞ்சின் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் உடனே நிறுத்தி, அச்சில் நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆறிய பிறகே மறுபடி ஓட்டுங்கள். மறுபடியும் சுட்டால் மோட்டார் மாற்ற வேண்டும்.

அடாப்டர் சுட்டாலோ வாடை வந்தாலோ சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அதைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது 230 வோல்ட், அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. பிஐஎஸ் பதிவு எண் உள்ள வேறொன்று வாங்குங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் ஒரு எஞ்சினுக்குப் போதும். புதிய அடாப்டரும் அதே பிளக்கில் சுட்டால் பிளக் பாயிண்ட்டில் ஓதம் இறங்கியிருக்கலாம். அந்தச் சுவரைத் தொடாமல், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துவிட்டுப் போகும்வரை வண்டி பெட்டியிலேயே இருக்கட்டும், மூடும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள்.